வந்தேறி மன்னர்களும் ஒரு குடும்பப்பெயரும்

கிரேக்கத்தின் முதல் மன்னர் தன் நாட்டில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 17. கிரேக்க மொழி பேச வராது. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவரும் இல்லை, கத்தோலிக்கர். 1833 பிப்ரவரியில் நாஃப்பிளியோ துறைமுகத்தில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. கூடவே சுமார் 3,500 பவேரியப் படைவீரர்கள். கரையில் கூடியிருந்த மக்கள் ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். பவேரிய மன்னர் முதலாம் லூட்விக்கின் இரண்டாவது மகன் ஓட்டோ, கிரேக்கத்தின் மன்னர் ஆனார்.

2024 டிசம்பரில் அதே நாட்டில் இன்னொரு காட்சி. பின்னாளில் டென்மார்க்கிலிருந்து வந்த வேறொரு மன்னரின் வழிவந்தவர்கள் பத்துப் பேர், ‘குடியரசை ஏற்கிறோம், அரசியல் சட்டத்தை மதிக்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கிரேக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள். அதற்காக வாழ்நாளில் முதல்முறையாகத் தங்களுக்கு ஒரு குடும்பப்பெயரும் சூட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாட்டையே ஆளக் கொடுத்தபோது யாரும் பெயர் கேட்கவில்லை. அடையாள அட்டைக்குப் பெயர் தேவைப்பட்டது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ‘யார் கிரேக்கர், யார் அந்நியர்’ என்ற கேள்விக்குக் கிரேக்கம் சொன்ன பதில் எத்தனையோ முறை மாறியது. பதில் மாறியபோதெல்லாம் அடிபட்டவர்கள் மன்னர்கள் மட்டும் இல்லை.

ஓட்டோவிடமிருந்தே தொடங்கலாம். அன்று அவர் அந்நியராக இருந்ததுதான் அவருடைய முதல் தகுதி. 1821-ல் தொடங்கிய விடுதலைப் போரில் கிரேக்கர்கள் ஒட்டோமான்களோடு மட்டும் மோதவில்லை. நடுவிலேயே தங்களுக்குள் உள்நாட்டுப் போரும் நடத்தினார்கள். மோரியாக்காரர், ருமேலிக்காரர், தீவுக்காரர் என்று ஆளுக்கொரு அணி. ரஷ்யாவின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்துவிட்டு வந்த ராஜதந்திரி இயோன்னிஸ் கபோடிஸ்ட்ரியாஸ் முதல் ஆட்சித்தலைவரானார். 1831 அக்டோபரில் நாஃப்பிளியோவில் தேவாலய வாசலில் வைத்து அவரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் மானிப் பகுதியின் மவ்ரோமிகாலிஸ் குலத்தார், விடுதலைப் போரில் முன்னணியில் நின்ற குடும்பம். உள்ளூர்த் தலைக்கட்டுகளில் ஒருவருக்கு மகுடம் சூட்டினால் மறுநாளே மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்குவார்கள் என்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் கணக்குப் போட்டன. அந்தக் கணக்கில் தப்பில்லை. கபோடிஸ்ட்ரியாஸ் உயிரோடு இருந்தபோதே முதலில் சாக்ஸ்-கோபர்க் இளவரசர் லியோபோல்டுக்கு அரியணையை நீட்டியிருந்தார்கள். அவர் ஏற்க மறுத்துவிட்டு அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் மன்னரானார். அதன் பிறகுதான் ஓட்டோவின் முறை வந்தது. 6 கோடி பிராங்க் கடனுக்கு மூன்று வல்லரசுகளும் உத்தரவாதம் கொடுத்தன. கிரேக்கர்களிடம் யாரும் முறைப்படி ஓட்டுக் கேட்கவில்லை.

மன்னருக்கு வயது வரும்வரை மூன்று பவேரியர்கள் நாட்டை நடத்தினார்கள். சட்டம், நீதிமன்றம், பள்ளி, நகரத் திட்டம் எல்லாம் மியூனிக் பாணியில் வந்தன. 1833-ல் கிரேக்கத் திருச்சபையைக் கான்ஸ்டான்டிநோபிள் தலைமைப்பீடத்திலிருந்து பிரித்துத் தனிச் சபை ஆக்கினார்கள். அந்த ஆர்த்தடாக்ஸ் சபையின் நிர்வாகத் தலைவர் என்று கத்தோலிக்க மன்னரையே அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான மடாலயங்களை மூடினார்கள். கிரேக்கர்கள் இந்தக் காலத்துக்குப் ‘பவாரோக்ரதியா’, அதாவது பவேரியர் ஆட்சி என்று பெயர் வைத்ததில் கசப்பு இருந்தது.

அந்தக் கசப்பை ஒரே வழக்கில் பார்த்துவிடலாம். விடுதலைப் போரின் தலையாய தளபதி தியோடோரோஸ் கோலோகோட்ரோனிஸ். அவர் மன்னராட்சிக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1834-ல் நாஃப்பிளியோவில் தேசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடியவர் எட்வர்ட் மேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். மண்ணை மீட்டவனுக்குத் துரோகிப் பட்டம், அதை நிரூபிக்க வந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து. போலிசோய்டிஸ், தெர்த்செடிஸ் என்ற இரண்டு நீதிபதிகள் மரண தண்டனையில் கையெழுத்திட மறுத்தார்கள். படைவீரர்கள் அவர்களைப் பிடித்து இழுத்துவந்து இருக்கையில் உட்காரவைத்த பிறகும் மசியவில்லை. தண்டனை பிறகு குறைக்கப்பட்டது. 1835-ல் ஓட்டோ நேரடியாக ஆட்சியை ஏற்றபோது கிழவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. இன்று கோலோகோட்ரோனிஸின் குதிரை மீதமர்ந்த சிலை ஏதென்ஸில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறது.

ஆனால் ஓட்டோவை வெறும் பொம்மை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மனிதர் தன் நாட்டை உண்மையாகவே நேசித்தார். தலைநகரை 1834-ல் நாஃப்பிளியோவிலிருந்து ஏதென்ஸுக்கு மாற்றினார். அன்று ஏதென்ஸ் இடிபாடுகளுக்கிடையே கிடந்த சிறிய ஊர். கிரேக்க மலைவீரர்களின் மடிப்புப் பாவாடையான ஃபுஸ்தனெல்லாவை உடுத்திக்கொண்டு வலம்வந்தார். அரசி அமாலியா அரண்மனைக்குப் பின்னால் பெரிய தோட்டம் போட்டார். 1862-ல் துரத்தப்பட்ட பிறகு பவேரியாவின் பாம்பர்க் நகரில் இருந்தபடியும் ஓட்டோ அதே உடையைத்தான் அணிந்தார். 1867-ல் இறந்தபோது அந்த உடையிலேயே புதைத்தார்கள். கிரேக்கக் கொடியின் நீலமும் வெள்ளையும் பவேரியாவிலிருந்து வந்தவை என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது கட்டுக்கதை. அந்த நிறங்களை 1822-லேயே கிரேக்கர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பவேரியர்கள் மெய்யாகவே விட்டுப்போனது பியர். ஏதென்ஸின் புகழ்பெற்ற ஃபிக்ஸ் மதுவடிசாலையைத் தொடங்கியது பவேரியாவிலிருந்து வந்த குடும்பம்தான். அதன் பழைய கட்டடம் இப்போது நவீன கலை அருங்காட்சியகம்.

1843 செப்டம்பர் 3 இரவு குதிரைப்படை அரண்மனையைச் சூழ்ந்தது. அரசியல் சட்டம் வேண்டும், பவேரிய அதிகாரிகள் போக வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஓட்டோ இரண்டுக்கும் இணங்கினார். அரண்மனை முன்னால் இருந்த வெளிக்குச் சின்டக்மா, அரசியல் சட்டச் சதுக்கம் என்ற பெயர் நிலைத்தது அன்றுதான்.

சட்டம் எழுதக் கூடிய சபையில் 1844-ல் பெரும் சண்டை எதைப் பற்றி நடந்தது தெரியுமா? மன்னரைப் பற்றி இல்லை, அரசாங்க உத்தியோகத்தைப் பற்றி. விடுதலை பெற்ற சிறு நிலப்பரப்புக்குள் பிறந்தவர்கள் ஒருபக்கம். யோவானினா, ஸ்மிர்னா, கான்ஸ்டான்டிநோபிள் என்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த ஊர்களிலிருந்து வந்த கிரேக்கர்கள் மறுபக்கம். ‘இரத்தம் சிந்தியது நாங்கள், எழுத்தர் வேலை வெளியிலிருந்து வந்த படித்தவர்களுக்கா?’ என்பது உள்நாட்டாரின் குமுறல். போரில் கலந்துகொள்ளாமல் பிற்பாடு வந்து சேர்ந்த வெளிநாட்டுக் கிரேக்கர்களைச் சில ஆண்டுகளுக்கு அரசு வேலையிலிருந்து விலக்கித் தீர்மானம் போட்டார்கள். யோவானினாவில் பிறந்த கிரேக்கர் ஏதென்ஸில் குமாஸ்தா ஆக முடியாது. சால்ஸ்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர் அரியணையில் இருக்கலாம். இந்த விவாதத்தில்தான், தானே எல்லைக்கு வெளியே எபிரஸில் பிறந்த இயோன்னிஸ் கோலெட்டிஸ் எழுந்து, இந்த ராஜ்ஜியம் கிரேக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே, வெளியே இருப்பவர்களும் கிரேக்கர்களே என்று பேசினார். அடுத்த எண்பது ஆண்டுகள் கிரேக்க அரசியலை ஆட்டிவைத்த ‘மெகாலி இதேயா’ என்னும் பெருங்கனவு இப்படி ஒரு உத்தியோகச் சண்டையில் வாயெடுத்துப் பேசியது. பெரிய தேசியக் கொள்கைகளின் பிறப்பிடம் பல நேரம் இவ்வளவு அற்பமாகத்தான் இருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு விதி: இனி அரியணைக்கு வரும் வாரிசு ஆர்த்தடாக்ஸாக இருக்க வேண்டும். ஓட்டோவுக்குப் பிள்ளை இல்லை. பிரச்சினை முளைத்த இடம் அது.

ஓட்டோ போனதும் இந்த முறை மக்களிடமே கேட்டார்கள். 1862-ல் நடந்த வாக்கெடுப்பில் பதிவானவை 2,41,202 வாக்குகள். விக்டோரியா மகாராணியின் மகன் ஆல்பிரட் இளவரசருக்கு 2,30,016. குடியரசு வேண்டும் என்று எழுதியவர்கள் வெறும் 93 பேர். ஆனால் மூன்று வல்லரசுகளின் அரச குடும்பத்தார் யாரும் கிரேக்க அரியணையில் அமரக்கூடாது என்பது ஏற்கெனவே செய்துகொண்ட உடன்பாடு. கடைசியில் மன்னரானவர் டென்மார்க்கின் 17 வயது இளவரசர் வில்லியம். வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தவை ஆறு. மொத்தமே ஆறு வாக்குகள்.

முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் அந்த ஆறு வாக்கு மன்னர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டார். பிரிட்டன் தன் வசம் இருந்த அயோனியத் தீவுகளை அவர் வருகையையொட்டிக் கிரேக்கத்துக்குக் கொடுத்தது. ஓட்டோ ‘கிரேக்க நாட்டின் மன்னர்’. இவர் ‘கிரேக்கர்களின் மன்னர்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டார். எல்லைக்கு வெளியே இருந்தவர்களும் அதில் அடங்கினார்கள், சுல்தான் முகம் சுளித்தார். ஜார்ஜ் கடைசிவரை லூத்தரன் சபையை விடவில்லை. பிள்ளைகளை ஆர்த்தடாக்ஸாக வளர்த்தார். அரசி ஓல்கா ரஷ்ய அரச குடும்பத்துப் பெண், பிறவி ஆர்த்தடாக்ஸ். ஆகவே சிக்கல் இல்லை என்று நினைத்தால், 1901-ல் நற்செய்தி நூல்களைப் பேச்சு மொழியில் மொழிபெயர்க்கும் முயற்சிக்கு எதிராக ஏதென்ஸில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் செத்தார்கள். அரசியும் அப்படியொரு மொழிபெயர்ப்புக்கு ஆதரவு கொடுத்திருந்தார். கிரேக்க மொழியைச் சிதைக்கும் ஸ்லாவியச் சதி என்று கூட்டம் கூவியது. எல்லோருக்கும் ஒரே மதம் என்றபோதும் சந்தேகத்துக்கு இன்னொரு வாசல் கிடைத்துவிட்டது.

1913-ல் தெசலோனிகியில் ஜார்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். பட்டத்துக்கு வந்த முதலாம் கான்ஸ்டன்டைன் ஏதென்ஸிலேயே பிறந்தவர், ஆர்த்தடாக்ஸ், கிரேக்கம் தாய்மொழி போல. பால்கன் போர்களில் தெசலோனிகியை வென்றெடுத்த படையின் தளபதி. கான்ஸ்டான்டிநோபிளை இழந்த கடைசி பைசாந்தியப் பேரரசரின் பெயரும் கான்ஸ்டன்டைன்தான். அதனால் இவரைப் பன்னிரண்டாம் கான்ஸ்டன்டைன் என்றே பக்தர்கள் அழைத்தார்கள். வந்தேறிக் குடும்பம் ஐந்தே பத்தாண்டுகளில் மண்ணின் தெய்வமாகிவிட்டது.

அந்தத் தெய்வத்துக்கு இரண்டே ஆண்டுகள்தான் ஆயுள். முதல் உலகப் போரில் நேச நாடுகளோடு சேர வேண்டும் என்றார் பிரதமர் வெனிசெலோஸ். நடுநிலை வகிக்க வேண்டும் என்றார் மன்னர். மன்னரின் மனைவி சோஃபியா ஜெர்மன் கெய்சர் வில்ஹெல்மின் தங்கை. போதாதா? வெனிசெலோஸ் கட்சியினருக்கு மன்னர் ‘ஜெர்மானியர்’ ஆகிவிட்டார். அந்தச் சோஃபியா ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறியதற்காக அண்ணன் கெய்சரே அவர்மீது சீறிப் பாய்ந்தவர் என்பது யாருக்கும் நினைவில்லை. இதில் இன்னொரு கோணலும் உண்டு. வெனிசெலோஸ் பிறந்தது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த கிரீட் தீவில். ராஜ்ஜியத்துக்குள் பிறந்த மன்னர் அந்நியர், ராஜ்ஜியத்துக்கு வெளியே பிறந்த பிரதமர் தேசத்தின் முகம். பிறந்த இடத்தை வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. 1917-ல் நேச நாடுகளின் நெருக்கடியில் மன்னர் வெளியேறினார். நாடு இரண்டாகப் பிளந்தது, குடும்பங்கள் பிளந்தன, காபிக் கடைகள்கூடக் கட்சி வாரியாகப் பிரிந்தன. கிரேக்கர்கள் இதைத் தேசியப் பிளவு என்கிறார்கள். அதன் வடு அரை நூற்றாண்டு ஆறவில்லை.

1920-ல் மன்னர் திரும்பி வந்தார். 1922-ல் ஆசியா மைனரில் கிரேக்கப் படை நொறுங்கியது, ஸ்மிர்னா எரிந்தது, மன்னர் முடிதுறந்தார். மறு ஆண்டு துருக்கியும் கிரேக்கமும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழி மட்டும் பேசிய கப்படோக்கியா ஆர்த்தடாக்ஸ் மக்கள் கிரேக்கர்கள் என்று இங்கே அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் மட்டும் பேசிய கிரீட்டின் முஸ்லிம்கள் துருக்கியர் என்று அங்கே போனார்கள். ஏறக்குறைய 12 லட்சம் அகதிகள் கிரேக்கத்தில் வந்து குவிந்தார்கள். ‘துருக்கி வித்து’ என்று வசை கேட்ட இவர்களில் பெரும்பாலோர் வெனிசெலோஸ் பக்கம் நின்றார்கள். மன்னர் பக்கத்தார் அகதிகளை அந்நியர் என்றார்கள். அகதிகள் பக்கத்தார் மன்னரை அந்நியர் என்றார்கள். இரண்டு பேரும் கிரேக்கக் குடிமக்கள்.

அந்தக் களேபரத்தில் கோர்ஃபு தீவில் பிறந்து ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஓர் இளவரசனை, ஆரஞ்சுப் பெட்டியைத் தொட்டிலாக்கிப் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாளில் எலிசபெத் அரசியின் கணவரான பிலிப் அவர்தான். அவருடைய தாய் ஆலிஸ் பிற்பாடு ஏதென்ஸுக்கே திரும்பி வந்தார். நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒரு யூதக் குடும்பத்தை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். கிரேக்க அரச குடும்பத்தில் மறக்கக் கூடாத ஒருவர் உண்டென்றால் என் கணக்கில் இவர்தான். மன்னராக இருந்தவர் யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பிறகு நடந்தவை போக்குவரத்துக் குறிப்பு போல ஓடும். 1924-ல் குடியரசு. 1935-ல் மோசடி வாக்கெடுப்பில் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் திரும்பினார். 1941-ல் ஜெர்மானியர் வந்ததும் வெளியேற்றம். 1946-ல் மீண்டும் வாக்கெடுப்பு, மீண்டும் வரவு. கிரேக்க மன்னருக்கு மிக அவசியமான பொருள் ஒரு பெட்டிதான் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 1924-ல் மன்னர் வேண்டாம் என்றவர்கள் சுமார் 70 விழுக்காடு, 1946-ல் வேண்டும் என்றவர்கள் சுமார் 68, 1974-ல் வேண்டாம் என்றவர்கள் 69. இந்த ஐம்பது ஆண்டுகளும் மன்னர் குடும்பம் அதே குடும்பம். பதில் மட்டும் அன்றன்றைய பயத்துக்கு ஏற்ப மாறியது.

1947-ல் பட்டத்துக்கு வந்த பால் மன்னரின் மனைவி ஃபிரெடெரிகா, கெய்சர் வில்ஹெல்மின் மகள்வழிப் பேத்தி. உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக முன்னணியில் நின்றவர், போர்ப் பகுதிக் குழந்தைகளுக்காக விடுதி நகரங்கள் நடத்தியவர். இடதுசாரிகளுக்கு அவர் ‘ஜெர்மன்காரி’. அதே 1947-ல், வெளிநாட்டில் இருந்துகொண்டு தேசவிரோதமாக நடப்பதாகக் கருதப்பட்டவர்களின் குடியுரிமையைப் பறிக்க அரசு தீர்மானம் கொண்டுவந்தது. போரில் தோற்றுத் தாஷ்கண்ட் வரை ஓடிய ஆயிரக்கணக்கான கிரேக்கர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அரச குடும்பம் பின்னாளில் எந்த ஆயுதத்தால் அடிபட்டதோ, அந்த ஆயுதம் அதன் சொந்த ஆட்சியில்தான் கூர்தீட்டப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தின் துயரத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஃபிரெடெரிகாவைச் சென்னைக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அத்வைத வேதாந்தத்தில் நாட்டம் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறைத் தலைவர் டி.எம்.பி. மகாதேவனிடம் பாடம் கேட்டார். காஞ்சிப் பெரியவரைத் தரிசித்தார். நாட்டை இழந்த பிறகு மகள் ஐரீனோடு சென்னையில் வந்து வாழ்ந்தார். ஜெர்மனியில் பிறந்து, கிரேக்கத்தில் அரசியாகி, சென்னையில் உபநிஷதம் படித்த பெண்மணி 1981 பிப்ரவரியில் மாட்ரிட்டில் இறந்தார். தாயை ஏதென்ஸுக்கு அருகே தாத்தோய் எஸ்டேட்டில் அடக்கம் செய்ய மகன் கான்ஸ்டன்டைனுக்குக் கிரேக்க அரசு கொடுத்த அனுமதி சில மணி நேரம்தான். அடக்கம் முடிந்த கையோடு அவர் விமானம் ஏறினார்.

அந்த மகன்தான் கடைசி மன்னர், இரண்டாம் கான்ஸ்டன்டைன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் கிரேக்கக் கொடியை ஏந்திச் சென்றவர், படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். 1964-ல் 23 வயதில் பட்டமேற்றபோது அவரைக் கொண்டாடாதவர் குறைவு. அடுத்த ஆண்டே மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூவோடு மோதி அவரைப் பதவி விலகவைத்தார். கட்சியை உடைத்துச் சிறுபான்மை அரசுகளை அமர்த்தப் பார்த்தார். அந்தக் குழப்பத்தில்தான் 1967 ஏப்ரல் 21 அன்று கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மன்னர் அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். டிசம்பரில் எதிர்ப்புரட்சி செய்யப் பார்த்துத் தோற்று ரோமுக்கு ஓடினார்.

கர்னல்கள் பச்சைக் கிரேக்கர்கள். ‘கிரேக்கக் கிறிஸ்தவர்களின் கிரேக்கம்’ என்பது அவர்கள் முழக்கம். அவர்கள் நடிகை மெலினா மெர்க்கூரியின் குடியுரிமையைப் பறித்தார்கள். நான் கிரேக்கப் பெண்ணாகப் பிறந்தேன், கிரேக்கப் பெண்ணாகவே சாவேன் என்று அவர் பதிலடி கொடுத்தார். சித்திரவதைக் கூடங்களை நடத்தியது, சைப்ரஸில் பேரழிவைக் கொண்டுவந்தது, எல்லாம் இந்த மண்ணின் மைந்தர்கள்தான். அந்நியர் ஆண்டதால் கிரேக்கம் கெட்டது என்ற வாதம் இங்கே வந்ததும் கால் ஊன்ற இடமில்லாமல் போகிறது. 1915-ல் வெனிசெலோஸோடும் 1965-ல் பாப்பாண்ட்ரூவோடும் மோதியது மன்னர்கள் செய்த தவறுகள்தாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை அரண்மனை மீறிய தவறு அது. அதற்கு ஜெர்மன் இரத்தம் தேவையில்லை.

1974 டிசம்பர் 8 அன்று, ஜனநாயகம் திரும்பிய பிறகு நடந்த நேர்மையான வாக்கெடுப்பில் மன்னராட்சி முடிந்தது. கிரீட்டில் குடியரசுக்குப் பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தார்கள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் 1994-ல் ஆண்ட்ரியாஸ் பாப்பாண்ட்ரூ அரசு ஒரு சட்டம் போட்டு, தாத்தோய் எஸ்டேட்டையும் கோர்ஃபுவின் மோன் ரெப்போ மாளிகையையும் எடுத்துக்கொண்டது. குடும்பத்தின் குடியுரிமையையும் ரத்து செய்தது. 1965-ல் மன்னர் மோதியது இவருடைய தந்தையோடுதான் என்பதைக் கிரேக்கர்கள் மறக்கவில்லை. குடியுரிமை மீண்டும் வேண்டுமானால் 1974 முடிவை ஏற்க வேண்டும், பட்டங்களைத் துறக்க வேண்டும், பெயரும் குடும்பப்பெயருமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பாளர்கள் அவர்களைக் ‘கிளுக்ஸ்பூர்க்’ என்று குறித்தார்கள், டேனிஷ் அரச வம்சத்தின் ஜெர்மன் ஊர்ப்பெயர். எங்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது என்றார் கான்ஸ்டன்டைன். அந்தப் பெயரை ஏற்றால் அந்நியர் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். ஏற்கவே இல்லை. ஏதென்ஸில் பிறந்தவர் டென்மார்க் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000-ல், இழப்பீடு கொடுக்காமல் சொத்தைப் பறித்தது தவறு என்று சொன்னது. 2002-ல் கான்ஸ்டன்டைனுக்கு 1.2 கோடி யூரோ வழங்கச் சொன்னது. அரசு அந்தப் பணத்தை இயற்கைப் பேரிடர் நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இடக்கு புரிந்த மன்னர் அதைக்கொண்டு பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கான அறக்கட்டளை தொடங்கினார்.

சட்டம் வந்த அதே 1994-ன் டிசம்பரில் ஏதென்ஸில் ஒரு நைஜீரியக் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். கிரேக்கப் பள்ளியில் படித்தான், தெருவில் கைக்கடிகாரமும் கண்ணாடியும் விற்றான், கூடைப்பந்து ஆடினான். 18 வயதுவரை அவனுக்குக் கிரேக்கக் குடியுரிமையும் இல்லை, வேறு எந்த நாட்டின் தாளும் இல்லை. குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்க 2010-ல் வந்த சட்டத்தை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்றது. அதே 2013 மே மாதம், அமெரிக்க என்பிஏ அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கச் சில வாரங்கள் இருக்கும்போது, அந்தப் பையனுக்குக் குடியுரிமை கிடைத்தது. யானிஸ் அன்டெடோகும்போ. குடும்பத்தின் யொரூபாப் பெயர் கிரேக்க எழுத்தில் புகுந்து வெளியே வந்தபோது எடுத்த உருவம் அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கிரேக்கக் கொடியை ஏந்தியவர்களில் ஒருவர் அவர். 64 ஆண்டுகளுக்கு முன் பட்டத்து இளவரசர் ஏந்திய கொடி.

2013-ல்தான் கான்ஸ்டன்டைனும் கிரேக்கத்தில் குடியிருக்கத் திரும்பினார், வெளிநாட்டு மூத்த குடிமகனாக. 2023 ஜனவரி 10 அன்று ஏதென்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அரசு மரியாதை கிடையாது, தனிமனிதராக அடக்கம் செய்யலாம் என்றது அரசு. ஐரோப்பாவின் அரச குடும்பங்கள் வந்தன. வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய கிரேக்கர்கள் ஆயிரக்கணக்கில். 2021 காட்டுத்தீ கருக்கிய தாத்தோயில், தாய் தந்தையர் அருகே புதைத்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில்தான் அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த குடும்பப்பெயர் ‘டி கிரேஸ்’, பிரெஞ்சில் ‘கிரேக்கத்தின்’. இது பெயரா, மறைமுகப் பட்டமா என்று இடதுசாரிக் கட்சிகளும் சோசலிசக் கட்சியான பாசோக்கும் கொதித்தன. கிரேக்கக் குடிமகனுக்குப் பிரபுப் பட்டம் இல்லை என்று அரசியல் சட்டம் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். உரிமை எதுவும் கோராதவர்கள் எழுத்துமூலம் குடியரசை ஏற்றபின் இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஓட்டோவின் அரண்மனை இன்று நாடாளுமன்றம், அமாலியாவின் தோட்டம் பொதுப் பூங்கா, பட்டத்து இளவரசருக்காகக் கட்டிய மாளிகை குடியரசுத் தலைவரின் இல்லம். மன்னராட்சி திரும்ப வர இடமே இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு கோப்புகளைப் பற்றி. 2015 சட்டப்படி, கிரேக்கத்தில் பிறந்த குடியேறிகளின் பிள்ளை குடியுரிமை பெறக் கிரேக்கப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும், பெற்றோர் சட்டப்படி இத்தனை ஆண்டு வசித்ததாகத் தாள்களும் காட்ட வேண்டும். தாள் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் ஏதென்ஸில் பிறந்து, கிரேக்கத்தில் மட்டுமே கனவு கண்டு, காத்திருக்கிறார்கள். என்பிஏ அவர்கள் எல்லோரையும் தேடி வரப்போவதில்லை. அரச குடும்பத்தின் பத்து விண்ணப்பங்களைப் பார்த்த அதே உள்துறை அமைச்சகம் அந்தப் பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.